கையிங்களா, காலுங்களா?

சோமனூருல நாந் தறி ஓட்டிக்கிட்டிருந்த காலம். கவர்மெண்டு சாராயத்தை ஒழிச்சுப்போட்டுது. எங்கூருல ஒருத்தரு அதை லாரி டியூப்புல ஊத்தி ஊரூராக் கொண்டுபோயி, ஒழியாமப் பாத்துக்கிட்டாரு. கையில ஆளுக இருந்தாங்க. போட்டிக்கு எவனாச்சும் டியூப்பைத் தூக்குனா, மறுவாரம் நொண்டிக்கிட்டுத்தான் போவான். அவரை டியூப்புக்காரருன்னு சொல்லுவாங்க. அதையும் மொல்லமாத்தான் சொல்லுவாங்க.

மாரியாத்தா நோம்பிக்கு நாடகம் போடோணும்னு ரோசனை. எனக்கு எழுத்துன்னா கட்டைவெரல் ஒண்ணுதான். ஆனா வாயி பெருசு. நாஞ் சொல்லச் சொல்ல முடிவெட்டறவரு எழுதுனாரு. சாமி கதை சலிச்சுப்போச்சு, ரவுடி கதை போடலாமுன்னேன். ரவுடிக்கு எங்க போறது? ஊருலயே ஒருத்தரு இருக்காரல்ல! டியூப்பு, வெள்ளை வேட்டி, காதுல சொருகற பீடி, அல்லாத்தையும் அப்பிடியே எடுத்துப்போட்டேன்.

பேச்சை மட்டும் மெட்ராஸ் பேச்சா மாத்துனேன். கோயமுத்தூரு போயி பாத்த சினிமாவுல ரவுடி அப்பிடித்தானுங்களே பேசறான்! அதுல 'கஸ்மாலம்'னு ஒரு வார்த்தை. ஏதோ கத்தி போலன்னு நெனச்சு, "டேய்! கஸ்மாலத்தை உருவுனேன்னா கொடலு வெளிய வந்துரும்!"னு எழுதச் சொன்னேன். ரவுடி வேசமும் நானேதான். ஒடம்பு வெளக்கமாத்துக் குச்சி, மீசை வாடகைக்கு வாங்குனது.

தறி ஓடாத ஒரு ஞாயித்துக்கெழமை குடோன்ல ஒத்திகை. நாங் கஸ்மாலத்தை உருவிக்கிட்டு நிக்கறேன், வாசல்ல டியூப்புக்காரரு! முடிவெட்டறவரு சன்னல் வழியாப் போயிட்டாரு. என்ர மீசையும் உழுந்துருச்சு.

"ஏனுங்க, அது நாந்தானுங்களா?"

"இல்லீங்க... ஆமாங்க... கொஞ்சூண்டுங்க."

"பேசுனதை இன்னொருக்காப் பேசுங்க."

பேசுனேன். அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு.

"நா யாரையாச்சும் 'டேய்'னு கூப்பிட்டிருக்கறனுங்களா? எங்கம்மா என்னைய அப்பிடியா வளத்துச்சு? அடிக்கறது தொழிலுங்க. அதுக்காவ மரியாதையில்லாமப் பேசோணுமுங்களா?"

"பின்னே எப்பிடிங்க பேசறது?"

கிட்ட வந்து தோள்ல கையப் போட்டாரு. மாப்பிள்ளைய விருந்துக்குக் கூப்புடற மாதிரிக் கேட்டாரு: "ஏனுங்க, கையிங்களா, காலுங்களா? எதுன்னாலும் நீங்களே சொல்லிப்போடுங்க."

என்ர வேட்டி நனையாதது மாரியாத்தா புண்ணியம்.

"இப்பிடித்தான் பேசோணும். நோம்பியன்னிக்கு முன்னால உக்காந்து பாப்பேன். மாத்திப் பேசுனீங்கன்னா நானே நேர்ல வந்து கேப்பனுங்க." கும்புட்டுட்டுப் போனாரு. என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்களா?

நோம்பியன்னிக்கு முன்வரிசையில கையக் கட்டி உக்காந்திருந்தாரு. ஒரு எழுத்து மாத்தாம, "ஏனுங்க, கையிங்களா, காலுங்களா?"ன்னேன். ஊரே உழுந்து உழுந்து சிரிச்சுது. அவரு மட்டும் சிரிக்கலை. வாத்தியாரு மாதிரித் தலைய ஆட்டிக்கிட்டிருந்தாரு. தப்பிச்சோமுன்னு நெனச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஊட்டுக்கே வந்துபோட்டாரு. என்ர ஊட்டுக்காரி மோரைக் குடுத்துப்போட்டு, என்ர காதுல, "கேட்டாருன்னா காலுன்னு சொல்லிப்போடுங்க. கை இருந்தாத்தான் தறி ஓட்டலாம்"ங்கறா.

"பொழப்பே கெட்டுப்போச்சுங்க"ன்னாரு அவரு. "கோயமுத்தூரு கணபதிப் பக்கத்துக்காரன் ஒருத்தன் நம்ம பக்கம் டியூப்பை எறக்குனான். மொறையாப் போயிக் கேட்டேன், கையிங்களா காலுங்களான்னு. அவன் சிரிக்கறானுங்க! அவனும் நோம்பிக்கு வந்திருக்கறான். என்ர ஆளுகளே திரும்பி நின்னு சிரிக்கறாங்க. சிரிக்கறவனை எப்பிடிங்க அடிக்கறது?"

டம்ளரை வெச்சுப்போட்டு எந்திரிச்சாரு. கண்ணை உருட்டிக்கிட்டு எம்முன்னால நின்னாரு.

"உங்களுக்காச்சும் பயம் வருதான்னு பாப்போம். ஏனுங்க, கையிங்களா, காலுங்களா?"

பயப்படோணும்னுதான் பாத்தேன், சத்தியமா. உள்ளயிருந்து என்ர ஊட்டுக்காரி 'புர்ர்'ருன்னா. அவ்வளவுதான், நானும் சிரிச்சு வெடிச்சுட்டேன்.

மனுசன் பொத்துனு உக்காந்துட்டாரு.

"இன்னொரு டம்ளர் மோர் குடுங்க அம்மணி"ன்னாரு. குடிச்சு முடிச்சு, தொண்டையச் செருமிக்கிட்டு, மொல்லமா எங்கிட்டக் கேட்டாரு:

"அந்தக் கஸ்மாலம்னீங்களே... அது எங்க கெடைக்குமுங்க?"