கதவுக்குப் பின்னால் இருபத்தேழாம் எண்

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆறாம் ஆண்டு படித்தபோது, எங்கள் வகுப்பு பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்குமாக ஓர் ஓவியக் கண்காட்சி நடத்தியது. எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கையெழுத்து அழகாக இருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனாலும் நீளமான ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலையாட்களை விரட்டும் மண்டோர் மாதிரி மண்டபத்தைச் சுற்றி வந்தேன். பூப்பந்து வலையைக் குறுக்கே கட்டி, படங்களுக்கு வரிசையாக எண் போட்டு, துணி கிளிப்பில் தொங்கவிட்டோம். நட்டநடுவில் என் படம்: பனிமலை, அதன் அடியில் ஒரு தென்னை மரம்.

அவரவருக்குப் பிடித்ததை வரையலாம், வந்த எல்லாப் படங்களையும் மாட்ட வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. அந்த இரண்டாவது விதிதான் எனக்கு வினையாக வந்தது.

இரண்டாம் ஆண்டில் படித்த என் தங்கை அப்பாவை வரைந்திருந்தாள். அப்பா கோழிச்சாணி லோரி ஓட்டுபவர். செகிஞ்சான் வரைக்கும் காய்கறித் தோட்டங்களுக்கு எரு கொண்டுபோவார். படத்தில் அவர் லோரிமேல், சாணிக் குவியலில் முழங்கால்வரை புதைந்து, மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஈக்கள். ஒவ்வோர் ஈக்கும் பொறுமையாக இரண்டு சிறகு போட்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'என் அப்பா'.

என்னைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் இரண்டு பேர் என் வகுப்பில் இருந்தார்கள். இதை வேறு பார்த்தால் ஆண்டு முடியும்வரை என் மானம் கப்பலேறிவிடும். மண்டபத்தின் மடக்குக் கதவைத் திறந்து சுவரோடு சாய்த்தால், அதன் பின்னால் ஒரு படத்துக்கு இடம் இருந்தது. தங்கையின் படமான இருபத்தேழாம் எண்ணை அங்கே ஒட்டி, கதவை அதன்மேல் சாய்த்துக் கொக்கி மாட்டினேன். டீச்சரின் கட்டளையையும் மீறவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ அரை நாள் லீவு போட்டுவிட்டு, தீபாவளிச் சட்டையும் கழுத்தெல்லாம் பவுடருமாக வந்து நின்றார். தங்கை அவரிடம் தன் படத்தின் எண்ணைச் சொல்லியிருந்தாள். அவள் வரவேற்புப் பாட்டுக்காக மேடைக்குப் பின்னால் நின்றாள். அப்பா வலையோரமாக ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துக்கொண்டே போனார். என் பனிமலையைக்கூட அவசரமாகத்தான் கடந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இருபத்தாறு இருக்கு, இருபத்தெட்டு இருக்கு. நடுவுல ஒன்னக் காணோமேம்மா?"

"எடம் பத்தல லா, அப்பா."

"சரி, சரி," என்றார்.

ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று எல்லோரும் வாசல் பக்கம் ஓட, அப்பா வழிவிட்டுக் கதவோரம் ஒதுங்கினார். என்ன நினைத்தாரோ, கொக்கியைக் கழற்றிக் கதவைக் கொஞ்சம் இழுத்தார். நான் மேடைப்படியில் ஸ்கேலும் கையுமாக நின்றேன். அவர் நெடுநேரம் அப்படியே நின்றார். பின்பு யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். கதவை மெதுவாகப் பழையபடி சுவரோடு தள்ளி, கொக்கியை மாட்டினார். நிகழ்ச்சி முடியும்வரை அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

வீட்டுக்குப் போகும்போது தங்கை அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"பாத்தியாப்பா? என் படத்தப் பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? ஈ ஒவ்வொன்னும் உசுரோட பறக்குது!"

தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. பள்ளி வாசலில் லோரி இல்லை. சாலை வளைவுக்கு அப்பால், யார் கண்ணிலும் படாத இடத்தில் நிறுத்தியிருந்தார். அந்த வெயிலில் நடக்க வைக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். படத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நல்லவேளை தப்பித்தேன் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.