ஒரே வயரில் இரண்டு டிஸ்க்

3.2.2003 – கம்ப்யூட்டர், மேசை உட்பட – 31,400
11.6.2014 – ஹார்டு டிஸ்க், பழையது, ஒன்று – 900
11.6.2014 – திருகாணி, நான்கு – 12
16.6.2014 – தங்கைக்குத் தபால் செலவு – 45

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவரை அந்தத் தெருவில் இன்றைக்கும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேறு ஊரில் இருந்த அவருடைய தங்கைக்குப் பார்வை போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவளுக்காக நாவல்களைச் சத்தமாகப் படித்து, கம்ப்யூட்டரில் பதிந்து, சி.டி.யில் ஏற்றி அனுப்புவார். கதாநாயகன் உருகி உருகிக் காதலைச் சொல்லும் இடமும் அவர் வாயில் ‘படியில நிக்காதீங்க’ என்பது போலத்தான் வரும். தங்கைக்கு அதுவே பழகிவிட்டது.

2014-ல் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையானாள். பொழுது போக அண்ணனின் குரல் ஒன்றுதான் துணை. அந்த நேரம் பார்த்து, இருபத்தாறு அத்தியாய நாவலில் இருபத்திரண்டாவதைப் பதிந்ததும் கம்ப்யூட்டர் இடமில்லை என்று கைவிரித்தது. கடைசியாகப் பதிந்த மூன்றை சி.டி.யில் ஏற்றவும் வழியில்லை; அதற்கும் கொஞ்சம் காலியிடம் வேண்டுமாம். வேண்டாததை அழித்தால் போதும். ஆனால் கண்டக்டர் எதையும் அழிப்பவர் அல்ல. கணக்கு நோட்டில் செலவுக்குத் தேதி போடுவது போல, நடுவில் வந்த தும்மலுக்குக்கூடத் தேதி போட்டு வைத்திருந்தார்.

தங்கை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதியனுப்பினாள்: “அண்ணா, கதையில அந்தப் பொண்ணு மழையில கதவத் தட்டிட்டு நின்னு பதினஞ்சு நாளாச்சு. ஒண்ணு கதவத் தெறக்கச் சொல்லு, இல்ல ஒரு குடையாவது குடு.”

மறுநாளே பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போய் இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். பழைய டிஸ்க்குக்குப் போகும் தட்டை வயரின் நடுவிலேயே இரண்டாவதைச் செருக இடம் இருந்தது. எல்லாம் சரிதான். பழைய டிஸ்க்கின் பின்புறம், குட்டிக் கம்பிகளின் மேல் அரிசி அளவில் ஒரு கறுப்புத் தொப்பி இருந்தது. வாங்கி வந்ததிலும் இருந்தது, ஆனால் வேறு இடத்தில். கடைக்காரர் சரியாகத்தான் வைத்துக் கொடுத்திருந்தார். ஒரே தூரத்துக்கு ஒரே டிக்கெட் என்று வாழ்ந்த மனிதருக்கு அது பொறுக்குமா? நகத்தால் நெம்பி, பழையதில் இருப்பது போலவே மாற்றி வைத்தார்.

சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: டிஸ்க் எதுவும் இல்லை. புதியதும் இல்லை, பழையதும் இல்லை.

“என்னங்க, சத்தத்தையே காணோம்?” என்று மனைவி வந்தாள்.

“எல்லாம் போச்சு. பழசும் தெரியல. அவளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?”

“நீங்க கை வெக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“அப்ப எதைத் தொட்டீங்கன்னு சொல்லுங்க.”

“ஒண்ணும் தொடல. ரெண்டுத்துக்கும் தொப்பிய ஒரே மாதிரி வெச்சேன், அவ்ளோதான்.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். தொப்பி எங்கே இருந்தால் முதல் டிஸ்க், எங்கே இருந்தால் இரண்டாவது என்று அதில் வரைந்திருந்தது.

“ஒரே வண்டில ரெண்டு கண்டக்டர் ஏறி ஆளுக்கொரு விசில் ஊதினா டிரைவர் என்ன பண்ணுவான்?”

“நிறுத்திட்டு எறங்கிப் போயிடுவான்.”

“அதான் போயிட்டான்.”

“குடு, நானே மாத்துறேன்.”

“நீங்க நியாயம் பாத்தது போதும். தள்ளி நில்லுங்க.”

சுவிட்சை அணைத்து, புருவம் திருத்தும் இடுக்கியால் வாங்கி வந்த டிஸ்க்கின் தொப்பியைப் பிடுங்கி, படத்தில் இரண்டாவதுக்குக் காட்டியிருந்த இடத்தில் வைத்தாள். இந்த முறை இரண்டு டிஸ்க்கும் தெரிந்தன. கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதே இருபத்து மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டார். அவர் படித்து முடிக்கும்வரை மனைவி கதவோரம் நின்று கேட்டாள் என்பது அவர் கட்சி. வெங்காயக் கூடையை எடுக்க வந்தேன் என்பது அவள் கட்சி.

முழு நாவலும் முடிந்து சி.டி. போய்ச் சேர்ந்தது. தங்கை எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள்: “முடிவு எனக்குப் பிடிக்கல. கதவத் தெறந்தவன் சரியில்ல. ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டாவது தடவ தலகாணிய முட்டுக்கொடுத்து உக்காந்தே கேட்டேன், அண்ணா.”

அந்த நாவலைப் பற்றிய கடிதப் போக்குவரத்து அதோடு முடிந்தது. வந்து சேர்ந்த தேதி 9.7.2014 என்று கண்டக்டர் நோட்டில் குறித்து வைத்தார்.