குப்பைத் தொட்டிக்கு மட்டும் முழுத் தெளிவு

பியோ தொக்மானின் வேலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும். எங்கள் இஞ்சியோன் நகரக் குடியிருப்பில் காவலர்களுக்கு ஒப்பந்தம் அவ்வளவுதான். மறுபடி சங்கத்தின் முத்திரை விழுந்தால் உண்டு; இல்லாவிட்டால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியது. இப்படி ஐந்து வருடம் ஓட்டியவர். அறுபத்தெட்டு வயதில் வேறு எவரும் அவருக்குத் தொப்பி தரமாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நாய்ப் பீயை அள்ளவும் கிம்ச்சி ஊறப்போடும் முட்டைக்கோஸ் மூட்டையை ஏழாவது மாடிக்குத் தூக்கவும் கூசாமல் அவரைக் கூப்பிட்டோம்.

கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்த மனிதர், காவலறைக் கணினியில் பெரிய கைகாரர். பதினாறு கேமராவும் பதினாறு கட்டங்களாகத் திரையில் ஓடும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு தெளிவு என்பதைக் குழம்புக்கு உப்புப் போடுவதுபோல் அளந்து வைத்திருந்தார். பதிவுப் பெட்டியில் இடம் கொஞ்சம். முப்பது நாள் பதிவு கையில் இருந்தாக வேண்டும். ஒரு கேமராவுக்குக் கூட்டினால் இன்னொன்றின் வயிற்றில் அடித்தாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து, உணவுக் கழிவுத் தொட்டியில் யாரோ சிப்பி ஓடுகளைக் கொட்டிவிட்டார்கள். ஓடும் எலும்பும் வேறு குப்பை என்பது எங்கள் ஊர்ப் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். குடியிருப்போர் சங்கத் தலைவி தோ ஓக்கிக்கு அது ராஜத் துரோகம். காவலறைக்குள் வந்து நின்றாள்.

"தொட்டி கேமராவ முழுத் தெளிவுல வைங்க பெரியவரே. மைக்கையும் தொறந்து விடுங்க. என்ன பேசிக்கிட்டே கொட்டுறாளுகன்னும் தெரியணும்."

கேமராவில் பேச்சைப் பதிவு செய்வது சட்டப்படி குற்றம் என்று பியோ மெல்லச் சொல்லிப் பார்த்தார். கார் நிறுத்துமிடம் மங்கிப்போகும் என்றும் சொன்னார்.

"உங்க ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"இந்த மாசக் கடைசியிலங்க."

"அப்ப வைங்க."

வைத்தார். தொட்டியில் விழுந்த நெத்திலியின் வயதைச் சொல்லிவிடலாம், அப்படி ஒரு தெளிவு. மறுநாள் தலைவி தொட்டியருகே நின்று சத்தம் சரியாக விழுகிறதா என்று தானே பேசிப் பார்த்தாள். அதன்பின் தினமும் பியோவின் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன்னைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று வறுத்த கஷ்கொட்டையைக் கொறித்தபடி கேட்டாள். பியோ நின்றுகொண்டிருப்பார். கார் நிறுத்துமிடத்துக் கட்டத்திலோ மனிதர்கள் பிசைந்த அரிசி மாவுபோல் நகர்ந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தலைவியின் புது வெள்ளைக் காரில் முழ நீளத்துக்குக் கீறல். கீறியது என் தள்ளுவண்டி. முள்ளங்கி பாரத்தில் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. நான் முதலில் கேமராவைப் பார்த்தேன், பிறகுதான் கீறலைப் பார்த்தேன். பேசாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

பதிவில் ஒரு சாம்பல் மூட்டை இன்னொரு சாம்பல் மூட்டையை இழுத்துப் போனது. பியோ தன் இஷ்டத்துக்குக் கேமராவை மங்கலாக்கிவிட்டார் என்று தலைவி வீடு வீடாகச் சொன்னாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதில் சொல்லாவிட்டால் முத்திரை கிடையாது.

ஞாயிறன்று, எனக்கு வந்திருந்த பார்சலைத் தூக்கிக்கொண்டு பியோ என் வாசலுக்கு வந்தார்.

"நானூத்திரெண்டாம் வீட்டம்மா, உங்க வண்டிச் சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்துது. வெள்ளிக்கிழமை காலையில தொட்டி மைக் வரைக்கும் கேட்டிருக்கு."

நான் பார்சலை வாங்கிக்கொண்டேன்.

"நான் பேரச் சொல்லமாட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு நீங்களே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா என் வேலை நிக்கும்."

சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன் என்று இப்போது எழுதினால் அது என் வழக்கமான புளுகு.

கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பியோ என்னை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை பார்க்கவில்லை. கைபேசியை எடுத்து, தொட்டி மைக்கில் பதிந்த தலைவியின் குரலை ஓடவிட்டார்: "கார் பக்கம் மங்கினா மங்கட்டும், அத எவன் பாக்கப் போறான்."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவியின் முகம் மிளகாய் விழுதாகிவிட்டது. மனிதர் தப்பித்தார் என்றுதான் நினைத்தேன்.

நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பாங் எழுந்தார். "சிரிப்பு இருக்கட்டும். நம்ம பேச்செல்லாமா பதிவாயிருக்கு?"

தலைவிதான் வைக்கச் சொன்னாள் என்றார் பியோ.

"பட்டனத் தட்டுனது யாரு கை?"

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. தொட்டியருகே மாமியாரைப் பற்றிப் பேசியவள், மேல்மாடிக்காரனின் கடையைப் பற்றிப் பேசியவன், ஒவ்வொருவருக்கும் தன் பேச்சு நினைவுக்கு வந்தது. அவரை நீக்கச் சொல்லிக் கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது, ஆரஞ்சு வாசத்தோடு.

போவதற்குமுன் மைக்கை மூடி, பேச்சுப் பதிவுகளை அழித்து, பதினாறு கட்டங்களையும் பழைய அளவுக்கு வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். வைத்துக் கொடுத்தார். 'குடியிருப்போர் பேச்சைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த காவலர் நீக்கம்' என்று லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள், படத்தோடு. அவருடைய தெளிவான படம் தொட்டி கேமராவில்தான் இருந்தது: குனிந்து, வெறும் கையால் சிப்பி ஓடு பொறுக்குகிறார். நகத்தழுக்குக்கூடத் தெரிந்தது.

அவர் போன மறுநாள் சந்தைக்குக் கிளம்பினேன். வாசலில் நிறுத்தியிருந்த என் தள்ளுவண்டியின் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டிருந்தது. இப்போது சத்தமே போடுவதில்லை. தலைவியின் காரை இன்னொரு முறை உரசினாலும் ஒருவருக்கும் கேட்காது.