நீலமலை மூட்டத்துக்குள் இவரைத் தேடியது

1994 ஒக்டோபரில் லண்டன் நோர்பரியிலிருந்து நானும் வீட்டுக்காரரும் சிட்னிக்குப் போனது மகள் வயிற்றுப் பேரனைப் பார்க்க. பிறக்கும்போதே தலைநிறைய முடி, அப்படியொரு வடிவான பிள்ளை! முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும், புளூ மவுண்டன்ஸ் என்கிற நீலமலையைப் பார்க்காமல் லண்டனுக்குத் திரும்பக்கூடாது என்று மருமகன் எங்களை ரயிலேற்றிவிட்டார்.

சிட்னி சென்ட்ரலில் இருந்து மலையில் உள்ள கட்டூம்பா நிலையத்துக்கு இரண்டு மணித்தியாலம். அன்றைய கட்டணம் இன்று உங்களுக்கு உதவாது. நிலையத்தில் இருந்து மலை விளிம்புக்கு அரை மணி நடை. லண்டனில் இலை கொட்டும் மாதம் அங்கே பூக்கிற மாதம். ஆனாலும் குளிர்ச்சட்டை வேண்டும்.

யூக்கலிப்டஸ் காட்டுக்குள் பாதை இறங்கியது. கறுப்புக் கிளிகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போயின. கங்காருவின் தங்கச்சி மாதிரி ஒரு வாலபி புல் மென்றபடி நிமிர்ந்து பார்த்தது. மற்றப் பறவைகளின் குரலில் எல்லாம் பாடுகிற ஒரு பறவை அங்கே உண்டாம். அதைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே பிடி.

"நீர் ஆறுதலா வாரும். நான் முன்னுக்குப் போய்ப் பாக்கிறன்."

"சாப்பாட்டுப் பை என்னட்டை. தூரப் போகாதேங்கோ."

"உதிலதான் நிப்பன்."

பள்ளத்தாக்கில் இருந்து மூட்டம் ஏறி வந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து மரமே தெரியவில்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தேன், இவர் இல்லை. இவருக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் போட்டவர், சாப்பிடும் நேரமும் தாண்டிவிட்டது. பிந்தினால் வியர்க்கும், பிறகு தலை சுற்றும். பாதையின் ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம்.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!"

வீட்டில் இவரைக் கூப்பிடும் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை. குரல் மூட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

முதுகில் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கைகளை வாயருகே குவித்து, "கூ... ஈ!" என்று நீட்டி அழைத்தாள். காட்டில் ஆள் தேட அவர்கள் கூப்பிடும் முறை அது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இல்லை. அவர் பெயர் என்ன என்று கேட்டாள்.

கல்யாணம் செய்து முப்பத்தாறு வருடம். கோயில் அருச்சனைக்குக்கூட இவரேதான் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லுவார். எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவள் என் தோளைப் பிடித்து மறுபடி கேட்டாள். சொன்னேன். அவள் வாயில் அது பாதியிலேயே முறிந்தது. பிறகு நானே கத்தினேன்.

"கனகசபை! கனகசபை!"

இடது பக்கம், கீழே இருந்து பதில் வந்தது. "ஓம்! இஞ்சை நிக்கிறன்!"

ஒரு பாறையில் இருந்தார். முகமெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். அந்தப் பெண் தன் பையிலிருந்த இனிப்புப் பானத்தைப் பருக்கினாள். நான் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். நடுக்கம் நின்றபிறகுதான் கேட்டேன்.

"அவ்வளவு கூப்பிட்டமே, கேக்கேல்லையே?"

"கூ எண்டு கேட்டது. அந்தக் குருவிதான் எண்டு நினைச்சு மூச்சுக் காட்டாமல் இருந்தனான்." பழத்தை மென்றபடி என்னைப் பார்த்தார். "ஆரப்பா என்ர பேரைச் சொன்னது?"

"உந்தப் பிள்ளைதான்."

"வெள்ளைக்காரிக்கு யாழ்ப்பாணத்துத் தொண்டையே?"

அங்கே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மூட்டம் ஏறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். வருத்தக்காரரின் சாப்பாடு அவர் பையிலேயே இருக்கட்டும். காட்டில் கூ என்று கேட்டால் திருப்பிக் கூவுங்கள். கூப்பிடுவது மனிதராக இருக்கும். பெண்களே, புருஷனின் பெயரை வீட்டிலேயே ஒருமுறை உரத்துச் சொல்லிப் பாருங்கள். அங்கே போய்ப் பழக நேரம் கிடைக்காது.