அக்கரைக்கு மொன்றியல் வழி

தொண்ணூறுகளின் நடுவில் மொன்றியல் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தேன். வடக்கே பனிப்பிரதேசத்து ஊர்களிலிருந்து நோயாளிகளை விமானத்தில் கொண்டுவந்து எங்கள் வார்டில் சேர்ப்பார்கள். அப்படி வந்த ஓர் இனுவிட் பெண்ணோடு எனக்குச் சிநேகம். இருவருக்கும் ஒரே வயது, ஒரேயளவு அரைகுறை இங்கிலீஷ்.

அவளுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று காலையில் அவளுடைய அம்மா இறந்துபோனார். அம்மா இருந்தது வேறு ஊரில், இவளுடைய ஊருக்கு நேரெதிரே, கடலுக்கு அந்தப் பக்கம். அடக்கம் செய்யுமுன் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

பயணம் ஒழுங்கு செய்கிறவன் சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்தான். டிக்கெட் அவளுடைய ஊருக்குத்தானாம். அங்கிருந்து அம்மாவின் ஊர் ஒரு விரல் தூரம்தானாம். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன்!

"அங்கிருந்து போக வழியில்லை," என்றாள் அவள்.

அவன் கேட்கவில்லை. நானாவது கேட்டேனா? நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவள். நடுவில் கடல் என்றால் லோஞ்ச் ஓடும், அதுவும் இல்லாவிட்டால் யாராவது வள்ளத்தில் ஏற்றுவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். துக்கத்தில் குழம்பிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். "கிட்டத்தான், யோசிக்காதே, போ," என்று தேற்றி, அவளுடைய பையை நானே அடுக்கிக் கொடுத்தேன்.

அவளைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்த, எங்கள் வார்டில் வேலைசெய்யும் அண்ணையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பல வருடமாக வடக்கத்தி நோயாளிகளோடு பழகியவர்.

"உமக்கென்ன விசரே தங்கச்சி? இந்த மாரிக் குளிரில அந்தக் கடல் உறைஞ்சு கிடக்கும். அக்கரைக்குப் பிளேன் இஞ்சயிருந்துதான் போறது. அந்தப் பிள்ளை இனித் திரும்ப இஞ்ச வந்துதான் போகவேணும்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செத்த வீட்டுக்குப் போகிறவளையுமா அப்படிச் சுற்ற விடுவார்கள்? வீட்டுக்குப் போய்ச் சமைக்கவும் மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் அவள் வார்டு வாசலில் நின்றாள். அவளுடைய ஊர் நர்ஸ் போன் மேல் போன் போட்டு, அம்மாவின் ஊருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். அடுத்த விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்த இடம் எங்கள் வார்டு மட்டும்தான்.

எங்கள் போனிலிருந்துதான் அக்கரைக்குப் பேசினாள். முந்தின நாளே அடக்கம் முடிந்துவிட்டதாம். இவளுக்காக உடலை வைத்துப் பார்த்தார்களாம், இனிக் காத்திருக்க முடியவில்லையாம்.

இனி அங்கே போய் என்ன செய்வது, ஊரில் விட்டுவந்த என் பிள்ளைகளிடம் திரும்பிப் போகிறேன் என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு அதே ஆளிடம் போனேன். அவன் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"இது அம்மாவின் ஊருக்கு. மாற்ற முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷ், பிரெஞ்சு எல்லாம் மறந்துபோயிற்று. யாழ்ப்பாணத் தமிழில் வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். அந்த ஏச்சில் பாதி எனக்கு என்பது அவளுக்கும் விளங்கவில்லை.