பட்டப்பகலில் கூவிய ஆந்தை

அந்த மரத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், காட்டோரம் நின்ற பட்டமரம் அது. குக்குறுவான் பறவை குடைந்துவிட்டுப் போன பொந்தில் கைப்பிடி அளவு ஆந்தை ஒன்று குடியிருந்தது. பிடரியில் கண்கள்போல் இரண்டு கரும்புள்ளிகள் இருக்கும்; பின்னால் வரும் குருவிகள் அதைப் பார்த்து மிரளும். வேட்டையும் கூவலும் பெரும்பாலும் பகலில்தான்.

ஒரு வாரம் அது ஓயாமல் கூவியது. அதே வாரம் லயத்தில் ஒருவர் இறந்தார்.

"பட்டப்பகல்லயே கூப்பிடுது. இன்னொரு உசுரு கேக்குது லா," என்றார் துக்க வீட்டில் கங்காணி.

பகலில் கூவுவது அதன் இயல்பு என்று தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று சும்மா இருந்தேன். மறுநாளே மரத்தை அறுத்துச் சாய்த்தார்கள். பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன.

அடுத்த நாள் காலை மறுபடியும் அதே கூவல். கங்காணி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சத்தம் வந்த திசையில் நடந்தேன். ரோட்டோரம் பெரிய கேமராவுடன் ஓர் ஆள், சின்ன ஸ்பீக்கரில் ஆந்தையின் குரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

"படம் எடுக்க ஒரு வாரமா போடுறேங்க. வேற ஆந்தை வந்துட்டதா நெனச்சு நாள் முழுக்க பதிலுக்குக் கத்துச்சு. இன்னிக்குச் சத்தத்தையே காணோம்."

அவரை நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தேன். துக்க வீட்டில் இந்த வாய் எங்கே போயிருந்தது?