லோரி வராத ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை மதியம் மலேசியாவின் ஜொகூர் பாருவில், லார்க்கின் நிலையத்தில் பேருந்து ஏறினேன். கூலாய்க்கு முப்பது கிலோமீட்டர். ஐந்து ரிங்கிட் கொடுத்ததில் சில்லறை மீந்தது. இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பார்த்துச் சலித்துக் கண்ணை மூடியபோது இறங்கும் இடம் வந்துவிட்டது.

அழைத்துப்போக வந்த சேகரன், என் நண்பரின் மச்சான். செனாய் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நீளப் பயற்றங்காய் போட்டிருக்கிறார். அவர் மனைவி தேவி ஒரே ஒரு போகம் பொறுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"சரியா வரலன்னா இவர மறுபடி ஃபேக்டரிக்கே அனுப்பிடுவேன்க்கா. யூனிஃபார்ம் இன்னும் ஆணியிலதான் தொங்குது" என்று என்னிடம் சிரித்தார்.

அன்று மாலை மூவருமாகப் பறித்தோம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரத்துக்காரியான எனக்கே பொறாமை வரும்படி காய்த்திருந்தது. கட்டுகளாக்கி, வாடாதிருக்கத் தண்ணீர் தெளித்து, குவித்து, தார்ப்பாய் போட்டு மூடினார் சேகரன்.

"மூடினா புழுங்கிடாதா?" என்றேன்.

"விடியறதுக்குள்ள லோரி வந்துடும்க்கா. ஞாயித்துக்கெழம காலையில ஸ்கூல் கேண்டீனுக்கெல்லாம் போவணும்."

ஞாயிறு விடிந்தது. லோரி வரவில்லை. சேகரன் போன் அடித்துக்கொண்டே இருந்தார். பத்து மணிக்குத்தான் ஓட்டுநர் எடுத்தார், தூக்கக் குரலில்.

"அண்ணே, இன்னிக்கு லீவு லா! இந்த வாரத்துலேருந்து ஞாயித்துக்கெழம ஸ்கூல் கெடையாது, மறந்துட்டீங்களா?"

"அலமாக்!" சேகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜொகூர் மாநிலத்தில் பல ஆண்டுகளாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அது சனி, ஞாயிறாக மாறிய முதல் வாரம் இது. சேதி தெரியாதவரல்ல, 'நாளைக்கு ஸ்கூல் இல்ல' என்று முந்தின நாள் பள்ளிக்கூடம் போகும் தன் மகளிடம் அவரே சொன்னார். காயை மட்டும் பழைய கணக்கில் பறித்துவிட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா!

"பாசாருக்குக் கொண்டுபோலாம், எந்திரிங்க" என்று தேவி தார்ப்பாயை இழுத்தார். ஆவி முகத்தில் அடித்தது. குவியலுக்குள் கையை விட்டேன். சுட்டது! வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அடுப்பில்லாமல், நெருப்பில்லாமல், பச்சைக் காய் தானாக வெந்துகொண்டிருந்தது. நடுவிலிருந்த கட்டுகள் கொழகொழவென்று விரலோடு வந்தன. புளித்த நாற்றம் வேறு. என் கையால் பறித்த காய்களா இவை? பூச்சி தின்னவில்லை, வெள்ளம் அடிக்கவில்லை. பறித்து முடித்த பிறகு, வீட்டு வாசலில், எங்கள் கண்முன்னே போயிற்று.

மேலடுக்கில் தேறியது இரண்டே கூடை. பாசார் சந்தையில் கிலோ இரண்டு ரிங்கிட்டுக்குக் கேட்டார்கள், வழக்கமாக நான்காம். மற்றதை வரப்போரம் கொட்டினோம். தேவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கள் காலை லோரி வந்து நின்றது. கொடிகளில் பிஞ்சுகள்தான் மிஞ்சியிருந்தன.

"ஒண்ணுமே இல்லியா அண்ணே?" என்றார் ஓட்டுநர்.

சேகரன் வரப்போரக் குவியலைக் காட்டினார். அதே லோரியில் நானும் தொற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் சந்தைக்கு விடுமுறை என்றால் ஆடுமாடுகளுக்குக்கூடத் தெரியும் என்று பீற்றிக்கொள்ள வாயெடுத்தவள், வாசல் துணிக்கொடியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். தொழிற்சாலைச் சீருடை ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

வழியனுப்ப வந்த தேவியும் அதையே பார்த்தார்.

"நான் தொவைக்கலக்கா" என்றார்.